கிண்ணத்தில் வந்த நாவல்

"ஹலோ… ஆமா, கேக்குது. நல்லாவே கேக்குது. நான் கேக்குறது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணு… அத்திப்பழம் நல்லாத்தான் இருக்கும், எங்க மரத்துப் பழம், எனக்குத் தெரியாதா? பழத்தைப் பத்திப் பேசவா கூப்பிட்டேன்? கிண்ணத்துல என்ன வச்சு அனுப்பினீங்க, அதைச் சொல்லுங்க."

முனிசா கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பலாவ் சோற்றுக்காக மஞ்சள் கேரட்டை நீளநீளமாக நறுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால் ஜன்னலுக்கு வெளியே முற்றமும் சாய்ந்தே தெரிந்தது. திராட்சைப் பந்தலின் கீழே கிடந்த அகலமான மரக்கட்டிலில் அவளுடைய மாமியார் மஸ்தூரா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தேநீர்க் கெண்டி. மடியில் பழுப்புக் காகிதத்தால் அட்டை போட்ட ஒரு புத்தகம், அத்திப்பழம் கொண்டுபோன கிண்ணத்தில் அவரே திரும்பக் கொண்டுவந்தது. இன்னும் திறக்கவில்லை. தலைத்துணியின் நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் அவசரமாகத் துடைப்பவர் இல்லை.

"மொதல்ல அந்த ஸ்பீக்கரை அணைங்க, ஓபா. என் குரல் எனக்கே திரும்பி வருது. உங்க தெரு முழுக்க என் பேச்சைக் கேக்கணுமா?… கை ஈரமா இருந்தாத் துடைச்சிட்டு அணைங்க… சரி, விடுங்க. எந்தப் புத்தகம்? அதை மட்டும் சொல்லுங்க… 'ஏதோ ஒரு நாவல்'னா? ஏதோ ஒரு நாவல்னு எதுவும் கிடையாது ஓபா. ஒவ்வொரு நாவலும் ஒரு நாவல்."

ஹுல்கர் அவளைவிட ஒன்பது வயது மூத்தவள், இரண்டு தெரு தள்ளி இருப்பவள். அவர்களுடைய உஸ்பெக் ஊரான கோகந்தில் மூத்தவளை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது. பின்னால் ஓர் 'ஓபா', ஓர் அக்கா, ஒட்டிக்கொள்ளும். முனிசாவை வாசகிகளின் மாதக் கூட்டத்தில் சேர்த்துவிட்டவளே ஹுல்கர்தான். ஒன்பது பெண்கள். மாதத்துக்கு ஒரு வீடு, ஒரு நாவல். நாவலுக்கு ஒரே பிரதிதான்; அது கை மாறிக்கொண்டே வரும். உறவுக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க எல்லாப் புத்தகத்துக்கும் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி ஒரே பழுப்புக் காகிதத்தில் அட்டை.

"ஆமா… ஆமா… தெரியும், வெறும் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன். ஆனா உங்க வீட்ல ஒரு ரொட்டி இல்லையா? நாலு வாதுமைப் பருப்பு இல்லையா? ஒரு பிடி உலர்ந்த திராட்சை? ஒரு எலுமிச்சம்பழம் உருட்டி விட்டிருந்தாக்கூட போதுமே… விருந்தாளிங்க வந்து எல்லாத்தையும் சாப்பிட்டுட்டாங்களா? அப்ப உப்பை வச்சு அனுப்ப வேண்டியதுதானே?… சிரிக்காதீங்க. நான் சிரிக்கிற மாதிரியா பேசுறேன்?… வாசல்ல நின்னுட்டே இருந்தாங்க, கைக்கு ஆப்பிட்டதை வச்சேன், சரி. கைக்கு ஆப்பிட்டது எதுன்னுதான் கேக்குறேன். உங்க ஜன்னல் திட்டுல ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு அந்தப் பழத்தோட்டத்து டாக்டர் கதை. அவரு ஊசி போடுறதும் காதலிக்கிறதும் தவிர வேற ஒண்ணும் செய்ய மாட்டாரே, அது. இன்னொண்ணு உப்பளத்து நாவல்… டாக்டர் கதையைத்தான் வச்சேன்னு நெனைக்கிறீங்க. நெனைக்காதீங்க. போய்ப் பாருங்க. திட்டுல மிச்சம் இருக்கிறதை எடுத்து அட்டையைப் பிரிச்சுப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

கத்தி நின்றது. வெளியே மஸ்தூரா கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்தியில்லை. மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். முனிசா அந்தத் தலைத்துணியைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்… சொல்லுங்க… படிங்க, மொத வரியைப் படிங்க…"

ஹுல்கர் படித்தாள். ஒரு பழத்தோட்டம், அதற்குள்ளே ஒரு டாக்டர், அவர் கையில் ஒரு பை. முனிசா கண்ணை மூடிக்கொண்டாள்.

"டாக்டர் அங்க இருக்காரு. அப்ப உப்பளம் இங்க இருக்கு. எங்க ஓயி மடியில."

மாமியாரை அவளும் தெருவில் உள்ள மற்ற மருமகள்களைப் போல 'ஓயி', அம்மா, என்றுதான் அழைப்பாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை ஒருநாளும் இவ்வளவு பயத்தோடு சொன்னதில்லை.

"அதனால என்னவா? அதனால என்னன்னா கேக்குறீங்க?… இல்ல, கேளுங்க, மொதல்ல நான் பேசி முடிக்கிறேன். யாருக்கு எந்தப் புத்தகம் குடுக்கணும்னு உங்களுக்கு எப்பவாவது தெரிஞ்சிருக்கா? நம்ம கூட்டத்து சர்வினோஸ் மாசமா இருந்தப்ப பஞ்சத்துல பிள்ளைங்க சாகுற கதையைக் குடுத்தீங்க. பாவம், ஒரு வாரம் அழுதா. விவாகரத்து ஆன மறுநாள் ஒருத்திக்குக் கல்யாணக் கதை. எல்லாத்துக்கும் ஒரே சிபாரிசு: 'படிச்சுப் பாரு, மனசு லேசாகும்.' எங்க ஓயிகிட்டயும் அதைத்தானே சொன்னீங்க?… சொன்னீங்களா? அதே வார்த்தையா? கடவுளே."

கேரட் துண்டுகள் இப்போது நீளமாக விழவில்லை. ஒன்று கட்டையாக, ஒன்று கோணலாக விழுந்தன. மஸ்தூரா பார்த்தால் கேட்பார்: இதென்ன பலாவ் சோத்துக்கா, கோழித் தீனிக்கா?

"உங்களுக்கு அந்த நாவலே பிடிக்கல, எனக்குத் தெரியும். போன மாசம் கூட்டத்துல நீங்க பேசினது ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருக்கு. 'இவ சுயநலக்காரி, புருஷன் வீட்டை விட்டு டைப் அடிக்கப் போறவளுக்கு எதுக்கு முந்நூறு பக்கம்'னு கேட்டீங்க… கேட்டீங்க ஓபா. எல்லாரும் தலையாட்டினாங்க. நான் ஒருத்திதான் கத்தினேன். அவ போனதுல என்ன தப்பு? நாள் பூரா உப்பை வாரிக் கொட்டிட்டு, சாயங்காலம் மாமியா முன்னாடி கை கட்டி நிக்கணுமா? அவளுக்கு எழுத்து வரும், அவ போனா. தப்பு எங்கன்னா, கடைசி அத்தியாயத்துல திரும்பி வந்தா பாருங்க, அதுலதான். எழுதினவருக்குத் தைரியம் இல்ல. இருநூத்தித் தொண்ணூறு பக்கம் அவளை ஓட விட்டுட்டு, கடைசிப் பத்துப் பக்கத்துல காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு… நான் கத்தல. சரி, கத்துறேன். ஆனா மெதுவாத்தான் கத்துறேன், அவங்களுக்குக் கேக்காது."

அது அவளுடைய நம்பிக்கை மட்டுமே. மஸ்தூரா முப்பது வருடம் டெலிபோன் நிலையத்தில் தலையில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர்க் குரல்களை இணைத்தவர். ஒருவர் மூச்சு விட்டால் போதும், யாரென்று சொல்லிவிடுவார்.

"இப்ப என்ன குடி முழுகிடுச்சுன்னா… ஓபா, நீங்க கடைசித் தாளைப் பாக்கவே இல்லையா?… புத்தகத்தோட கடைசி வெத்துத் தாள். எல்லாரும் அபிப்பிராயம் எழுதுற தாள். அது நீங்க போட்ட சட்டம்தானே? 'படிச்சு முடிச்சதும் பென்சில்ல ரெண்டு வரி, பொய் எழுதக் கூடாது'ன்னு நீங்கதானே சொன்னீங்க?… மத்தவங்க எழுதினதை நீங்க படிக்கிறதே இல்லையா? ஒம்போது பேர் கூடி எதுக்கு படிக்கிறோம் அப்ப? அவங்கவங்க வீட்ல அவங்கவங்க கதவைச் சாத்திட்டுப் படிச்சிருக்கலாமே."

அவள் ஜன்னலிலிருந்து இரண்டடி பின்வாங்கினாள். குரல் தாழ்ந்தது. ஆனால் கோபம் தாழவில்லை.

"நான் என்ன எழுதினேன்னு சொல்றேன், கேட்டுக்கோங்க. 'இந்த நாவல்ல வர்ற கிழவியை எழுதினவர் எங்க வீட்டுச் சமையல்கட்டுல ஒரு மாசம் தங்கியிருக்கணும். எங்க வீட்டுக் கிழவியும் டப்பாவைத் திறந்து சர்க்கரைக் கட்டியை எண்ணுறா'ன்னு எழுதினேன்… ஆமா, கிழவின்னுதான் எழுதினேன். அது இருக்கட்டும், அதுக்கு அடியிலதான் விஷயமே. 'நாயகி திரும்பி வந்தது தப்பு. நான் விண்ணப்பம் போட்டுட்டேன். செப்டம்பர் நாலு, தாஷ்கண்ட். நான் போனா திரும்பி வர மாட்டேன்.'… ஓபா?… இருக்கீங்களா?"

ஹுல்கர் ஒரே மூச்சில் கேட்டாள்: என்ன படிப்பு, எத்தனை வருடம், யாருக்கெல்லாம் தெரியும்.

"மொழிபெயர்ப்புப் படிப்பு. ரெண்டு வருஷம். நாலாம் தேதி நேர்முகத் தேர்வு… யாருக்கும் தெரியாது. கட்டின புருஷன் பெக்ஸோதுக்குக்கூடத் தெரியாது. லாரியோட கசாக் எல்லைக்குப் போயிருக்காரு, வியாழக்கிழமை வர்றாரு. வந்ததும் மொதல்ல அவர்கிட்ட சொல்லணும், அப்புறம் ரெண்டு பேருமா ஓயிகிட்ட சொல்லணும்னு நாள் குறிச்சு வச்சிருந்தேன். எந்த வார்த்தையில ஆரம்பிக்கணும்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன்… இல்ல, திரும்பி வர மாட்டேன்கிறது நெசமில்ல. வருவேன். நான் எங்க போகப் போறேன், அவரை விட்டுட்டு? அது படிச்சு முடிச்ச சூட்டுல எழுதினது. நாவலைப் படிச்சு முடிச்ச அஞ்சு நிமிஷம் மனுஷி அவ வீட்லயா இருக்கா? ஆனா பாக்குறவங்களுக்கு அது சூடுன்னா தெரியும்? வீட்டை விட்டு ஓடுறா, அதுவும் மாமியாரைத் திட்டி எழுதிட்டு ஓடுறான்னுதானே தெரியும்? கையெழுத்து யாருதுன்னு தேட வேண்டியதில்ல. நிலவறைல நாப்பது ஜாம் பாட்டில், அத்தனைலயும் சீட்டு எழுதி ஒட்டினது நான்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் ஜன்னலுக்கு வந்தாள்.

"இன்னும் நேரம் இருக்கு. அவங்க விரலை வச்சு ஒவ்வொரு வரியா படிக்கிறவங்க. முந்நூறு பக்கம். அவங்க வேகத்துக்கு வியாழக்கிழமைக்குள்ள நாப்பது பக்கம் தாண்ட மாட்டாங்க. தொழுகைக்கு எந்திரிச்சதும் நான் போய் அந்தத் தாளை மட்டும் கிழிச்சு… என்ன?… கிழிக்கக் கூடாதா? என் வாழ்க்கை கிழியலாம், கூட்டத்துப் புத்தகம் கிழியக் கூடாது, அப்படித்தானே? நல்லா இருக்கு ஓபா. ரொம்ப நல்லா இருக்கு. ஒண்ணு சொல்றேன், இனிமே ஓபாவும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ஹுல்கர். வெறும் ஹுல்கர். கேட்டுக்கோ ஹுல்கர், உன்னை நம்பி ஒரு நாவலைக் குடுத்தேன், நீ அதை வாதுமைப் பருப்பு மாதிரி…"

பேச்சு அறுந்தது.

மஸ்தூரா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். புத்தகத்தை எடுத்தார். ஒரு முறை கையால் எடை பார்த்தார். பிறகு அதைத் திருப்பிப் பின்பக்கமாகத் திறந்தார்.

"ஐயோ… இல்ல… மறந்தே போயிட்டேன். பின்னாலேர்ந்து படிப்பாங்க. எதையும் அப்படித்தான். பேப்பரைப் பின்னாலேர்ந்து, மருந்துச் சீட்டைப் பின்னாலேர்ந்து. முடிவு என்னன்னு தெரிஞ்சாத்தான் மொதப் பக்கம். கடைசி அத்தியாயத்தைப் பிரிச்சுட்டாங்க… படிக்கிறாங்க. விரலை வச்சு… பத்துப் பக்கம்தான் ஹுல்கர், பத்தே பக்கம்…"

முனிசா நெடுநேரம் ஜன்னலை விட்டு நகரவில்லை. 'ம்' என்றாள். 'ம்ம்' என்றாள். எதிர்முனையில் ஹுல்கர் என்னென்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். சமாதானம், யோசனை, பிறகு மறுபடியும் சமாதானம். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. அணைத்தாள். பந்தலின் கீழே பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன. பிறகு கடைசித் தாளும் புரண்டது. விரல் மேலிருந்து கீழே இறங்கியது, ஒன்பது பேரின் கையெழுத்தையும் தொட்டுக்கொண்டு. ஓர் இடத்தில் நின்றது. நின்ற இடத்திலேயே இருந்தது.

"படிச்சுட்டாங்க," என்றாள் முனிசா. "என்னுதைத்தான். வேற யாரும் அவ்ளோ நீளமா எழுதல… முகமா? முகத்துல ஒண்ணும் தெரியல. முப்பது வருஷம் அடுத்தவங்க பேச்சைக் கேட்டும் கேக்காத மாதிரி இருந்த முகம், அதுல என்ன தெரியும்?… இரு, இரு. சட்டைப் பைல கையை விடுறாங்க. பேனா. பேனாவை எடுக்கிறாங்க… எழுதுறாங்க ஹுல்கர். கூட்டத்துப் புத்தகத்துல, பேனாவால… இன்னும் எழுதுறாங்க… ஒனக்கு எதுக்கு மூச்சு வாங்குது? எங்கயாவது நடந்துட்டிருக்கியா?… எங்க வர்ற?… வேணாம். டாக்டரைத் தூக்கிட்டு இங்க வராத. 'புத்தகம் மாறிப் போச்சு, குடுங்க'ன்னு நீ வந்து நின்னா அவங்களுக்கு எல்லாம் புரிஞ்சுடும்… புரிஞ்சுட்டுதான், இருந்தாலும் வராத. எந்தத் தெருவில இருக்க? திரும்பிப் போ. சொல்றதைக் கேளு…"

வாசற்கதவு தட்டப்பட்டது.

மஸ்தூரா நிமிர்ந்தார். சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஜன்னலில் யாரும் இல்லை, ஏனென்றால் முனிசா கீழே குந்திவிட்டாள். பேனாவை மூடிப் பைக்குள் போட்டு, புத்தகத்தைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, முற்றத்தைக் கடந்து வாசல் நடைக்குள் போனார். அந்த நடை மூடுபாதை. அதற்குள் போனவர் முற்றத்திலிருந்து தெரிய மாட்டார்.

முனிசா வெறுங்காலோடு ஓடினாள்.

"போயிட்டாங்க. உன்கிட்டதான் வர்றாங்க. வந்தது வந்த, கொஞ்ச நேரம் பேச்சுல நிறுத்தி வை. அத்திப்பழத்தைப் புகழு, பழத்தைப் பத்திப் பேச உனக்குத்தான் வருமே… எடுத்துட்டேன். கையில இருக்கு. திற… இந்தா. நீல மையில. அழகான கையெழுத்து, கண்றாவி. படிக்கிறேன், கேளு. 'சர்க்கரைக் கட்டியை நான் எண்ணுவது உண்மை. ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று வசந்த காலத்திலேயே டாக்டர் சொல்லிவிட்டார். எத்தனை தின்றேன் என்பது எனக்கு மறந்துபோகிறது, அதனால் எண்ணுகிறேன். இது பெக்ஸோதுக்குத் தெரிய வேண்டாம்.'"

அவள் நிறுத்தினாள். வசந்த காலத்திலிருந்து மாமியார் தேநீருக்குச் சர்க்கரை கேட்கும்போதெல்லாம் அந்த டப்பாவைத் தானே முன்னால் நகர்த்தி வைத்தது நினைவு வந்தது. சில நாள், எண்ணிக்கொள்ளுங்கள் என்பதுபோல, கொஞ்சம் சத்தமாகவே வைத்திருக்கிறாள்.

"எனக்கு என்ன தெரியும்? சொன்னாத்தானே தெரியும்? மறைச்சு வச்சுட்டு, நான்தான் தப்பாப் படிச்சேன்னு… சரி, தப்பாத்தான் படிச்சேன். இன்னும் இருக்கு, கேளு. 'நாயகி போனதில் தப்பில்லை. சர்க்கரை டப்பாவுக்கு அடியில் ஒரு சீட்டை எழுதி வைத்துவிட்டுப் போனாளே, அதுதான் தப்பு. வாய் எதற்கு இருக்கிறது?'… பாத்தியா? பாத்தியா ஹுல்கர்? வாய் எதுக்கு இருக்குன்னு எழுதியிருக்காங்க. எழுதி! நாலடி எடுத்து வச்சா சமையல்கட்டு, அங்க வந்து கேக்க முடியல, எழுதுறாங்க. எனக்கு எப்படிக் கோவம் வருதுன்னா…"

ஆனால் கோபம் எங்கோ பிடி நழுவிக்கொண்டிருந்தது. அதை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனாள். எழுத்து இங்கே கொஞ்சம் பெரிதாகி, சாய்ந்து, தாளின் ஓரத்தைத் தொட்டது.

"'நாலாம் தேதி நல்ல நாள்தான். போவதென்றால் போ. திரும்பி வருவதைப் பற்றி இப்போது சத்தியம் செய்யாதே, எந்தப் பக்கமும் செய்யாதே. ஆனால் போவதற்கு முன்னால் எனக்காக ஒன்று மட்டும்'… அவ்ளோதான்."

தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அவ்ளோதான் ஓபா. 'எனக்காக ஒன்று மட்டும்'. அதுக்கு மேல இல்ல. நீங்க கதவைத் தட்டினதுல அப்படியே விட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் கழிச்சுத் தட்டியிருக்கக் கூடாதா நீங்க? ஒரு வரி. ஒரே ஒரு வரி முடிச்சிருப்பாங்க. எந்த நாவல்லயும் யாரும் என்னை இப்படி நடுவுல விட்டதில்ல… ஓபா, அவங்க அங்கதான் நிக்கிறாங்களா? என்ன பேசுறீங்க?… ஏன் சத்தமே இல்ல?… ஹலோ?… ஸ்பீக்கர்… ஓபா, அந்த ஸ்பீக்கரை அணைச்சீங்களா இல்லையா?"

வாசல் நடைக்குள்ளிருந்து ஒரு குரலும் வரவில்லை. கைபேசிக்குள் மட்டும் யாரோ மூச்சு விட்டார்கள். அது ஹுல்கரின் மூச்சு இல்லை. நடந்து வந்த களைப்பு அதில் இல்லை. ஒரு கருவியைச் சரியான தூரத்தில் பிடித்துக்கொண்டு, எதிர்முனை பேசட்டும் என்று காத்திருந்து பழகிய மூச்சு.

முனிசா கட்டிலின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள்.

"ஓயி?"

ஒரு திராட்சை இலை புத்தகத்தின் மேல் விழுந்தது. தட்டிவிட அவளுக்குத் தோன்றவில்லை.

"ம்… ஆமா, நான்தான்… ம். எல்லாத்தையும் கேட்டீங்களா?… கிழவின்னு எழுதினது தப்புதான்… இல்ல, அது கதையில வர்ற… சரி. உங்களைத்தான் சொன்னேன்… ஆமா, வெறுங்காலோடதான் வந்தேன்… கேரட்டா? கோணலாத்தான் நறுக்கியிருக்கேன்… ஓயி, நீங்களும் என்கிட்ட சொல்லியிருக்கலாமே. வசந்த காலத்துலேர்ந்து. நான் என்ன வேத்து ஆளா?… கோவமில்ல. கோவம்தான், ஆனா அப்புறம் பேசலாம் அதை. பெக்ஸோத்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நாலாம் தேதியைப் பத்தி நான் சொல்றேன், சர்க்கரையைப் பத்தி நீங்க சொல்லுங்க. ரெண்டு பேரும் வாயால சொல்லுவோம்… ம்… ம்…"

அவள் விரல் தானாகவே தாளில் போய் நின்றது, மாமியார் விரல் நின்ற அதே இடத்துக்கு வெகு கீழே, நீல மை பாதியில் நின்றுபோன இடத்தில்.

"இது மட்டும் பாதியில இருக்கு ஓயி. 'போவதற்கு முன்னால் எனக்காக ஒன்று மட்டும்'னு… என்ன செய்யணும்?… இல்ல, எழுத வேணாம். இப்பவே சொல்லுங்க. நான் கேட்டுட்டுதான் இருக்கேன், சொல்லுங்க… ஹலோ?… ஓயி?… ஹலோ?"

கைபேசி அணைந்திருந்தது; வாசல் நடைக்குள்ளிருந்து செருப்புச் சத்தம் முற்றத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.